நான் கத்தவில்லையே, அது சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 24. எங்கள் சூப்பர்வைசரோடு முன்பு பழகியிருக்கிறேன், நெருக்கமாகவும் இருந்திருக்கிறேன். பிறகு விலகிவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் சரக்குக் கணக்கு பார்க்க வேண்டும் என்று ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். "வேண்டாம்" என்றேன். பிறகு உடம்பே மரத்துப்போனது. கத்தவில்லை, தள்ளவில்லை. 'நீயும் சம்மதித்துத்தானே நடந்தது' என்று இப்போது வாட்ஸ்அப்பில் கேட்கிறார். புகார் கொடுத்தால் எடுபடுமா?

பதில்: எடுபடும், சகோதரி. 'கத்தவில்லை' என்பதைக் கடிதத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டை முதலில் அழித்துவிடுங்கள்.

அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமின்றித் தானாகத் தரும் இசைவுதான் சம்மதம் என்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு. உடல் பலத்தால் எதிர்க்காததை மட்டும் வைத்துச் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது. இந்த வரி சும்மா வந்துவிடவில்லை. 1972-ல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமியைச் சீரழித்தார்கள். உடம்பில் காயமில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி, 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 1983-ல் சட்டம் திருந்தியது. சம்மதத்துக்கு இந்த விளக்கம் கிடைக்க 2013 ஆனது.

பழைய பழக்கமும் அவருக்குக் கைகொடுக்காது. அன்று சொன்ன சரி அன்றைக்கு மட்டும்தான். உங்கள் முந்தைய உறவை வைத்து இந்தச் சம்மதத்தைத் தீர்மானிக்க சாட்சிய சட்டமே இடம் தருவதில்லை.

அவர் உங்கள் சூப்பர்வைசர் என்பது முக்கியம். பெண்ணின்மீது அதிகாரம் செலுத்தும் நிலையில் இருப்பவர் இதைச் செய்தால் அதே சட்டத்தின் 64(2) பிரிவு பொருந்தும். அந்தப் பிரிவில், உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மறுத்துக் காட்டுவது அவர் பொறுப்பு.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். 'நடந்தது' என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் நீக்குவதற்குள் தேதி, எண் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனையும் மாற்ற வேண்டாம். அன்று உடுத்திய துணி துவைக்காமல் இருந்தால் காகிதப் பையில் வையுங்கள்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மூன்று வாரம் ஏன் ஆனது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பயம், வேலை, வீடு எதுவானாலும் சரி, தாமதம் மட்டுமே வழக்கைக் கெடுக்காது. உங்கள் பெயரை வெளியிடுவது குற்றம். சம்பளம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, 15100-ல் கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.