கணினி கேள்வி-பதில்: ரேம் மீதியிருந்தும் நின்றுபோகும் சர்வீஸ்

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு டிரிப் ஷீட் போடும் சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் லினக்ஸ் சர்வரில் 8 ஜிபி ரேம் இருக்கிறது. அன்றைய டிரிப்புகளைத் தொகுத்து பிடிஎஃப் தயாரிக்கும் சர்வீஸ் மட்டும் தினமும் மாலை ஏழு மணியளவில் நின்றுபோய், தானாகவே மறுபடி தொடங்குகிறது. அந்த நேரத்திலும் ‘ஃப்ரீ’ கட்டளை 3 ஜிபிக்குக் குறையாமல் மீதி காட்டுகிறது. அந்த சர்வீஸின் சிகுரூப் என்ற குழுவில், மெமரி நிகழ்வுகளை எண்ணி வைக்கும் மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பைக் காலையில் திறந்து பார்த்தால் எல்லா வரியிலும் பூஜ்யம்தான். கம்ப்யூட்டர் பார்க்க வருபவர் ரேமைக் கூட்டச் சொல்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். 3 ஜிபி மீதியிருக்கும்போதே ஒரு சர்வீஸ் சாகிறது என்றால், தட்டுப்பாடு சர்வருக்கு அல்ல, அந்த சர்வீஸ் ஓடும் சிகுரூப்புக்கு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, அதாவது புராசஸ்களை, குழுவாகக் கட்டி, குழுவுக்கு இவ்வளவுதான் மெமரி என்று வரம்பு வைக்கும் ஏற்பாடுதான் சிகுரூப். உங்கள் சர்வீஸ் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் யூனிட் கோப்பில் ‘மெமரிமேக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சர்வரை அமைத்துக் கொடுத்தவர் 512 எம்பி என்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் லாகிலும் (பதிவேடு) சாட்சி கிடைக்கும். சர்வர் முழுவதற்கும் மெமரி போதாமல் புராசஸ் கொல்லப்பட்டால் அந்த வரி ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கும். குழுவின் வரம்பால் கொல்லப்பட்டால் ‘மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கும். ‘சிகுரூப்’ என்ற அந்த ஒரு சொல் இருந்தால், எத்தனை ரேம் வாங்கிப் போட்டாலும் மாலை ஏழு மணிக் கதை மாறாது.

இனி அந்தப் பூஜ்யங்கள். நீங்கள் பார்த்த கோப்பு பொய் சொல்லவில்லை. அது நேற்றைய கோப்பே அல்ல. சர்வீஸ் நின்றதும், சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி பொதுவாக அதன் சிகுரூப்பை நீக்கிவிட்டு, மறுபடி தொடங்கும்போது அதே பெயரில் புதிதாக உருவாக்குகிறது. எண்ணிக்கைகள் குழுவோடு பிறந்து குழுவோடு மறைபவை. ஆனால் மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு குழுவில் நடந்த நிகழ்வு அதன் தாய்க் குழுக்களின் கணக்கிலும் ஏறிவிடும், சேய்க் குழு நீக்கப்பட்டாலும் தாய்க் குழுவின் கணக்கு குறையாது. எனவே ஒரு படி மேலே போய், சிஸ்டம்.ஸ்லைஸ் என்ற குழுவின் மெமரி.ஈவென்ட்ஸை மாலை ஆறே முக்காலுக்கு ஒருமுறையும் ஏழே காலுக்கு ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓஓஎம்_கில் (ஓஓஎம் என்பது ‘அவுட் ஆஃப் மெமரி’யின் சுருக்கம்) என்ற வரியின் எண் ஒன்று கூடியிருந்தால் ஒரு புராசஸ் கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வரிகளைப் படிக்கும் முறையை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். துறைமுகத்துக்குள் எத்தனை லாரி நிற்கிறது என்ற கணக்கை மட்டும் வைத்து, திருவொற்றியூர் வரை வரிசை நீண்டதா என்று சொல்ல முடியாது. கேட்டில் எத்தனை முறை வண்டி நிறுத்தப்பட்டது என்ற கணக்கு வேண்டும். மெமரி.கரன்ட் என்ற கோப்பு உள்ளே நிற்கும் லாரிகளின் கணக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தாலும், நடுவில் பத்து விநாடி எகிறி இறங்கிய பயன்பாடு கண்ணில் படாமலே போகும். ஈவென்ட்ஸ் கோப்பில் உள்ள ‘மேக்ஸ்’, குழு வரம்பைத் தாண்டப் போய்த் தடுக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. எவ்வளவு சிறிய நேரம் என்றாலும் விடாமல் எண்ணும். ‘மேக்ஸ்’ மட்டும் கூடினால் பதற வேண்டாம். படித்த கோப்புகளின் கேஷும் (மெமரியில் வைத்திருக்கும் நகல்) குழுவின் கணக்கில்தான் சேர்கிறது. கர்னல் அதை விடுவித்து இடம் பண்ணிக்கொண்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். விடுவித்தும் இடம் போதாதபோது ‘ஓஓஎம்’ கூடும். ஒரு குழுவில் ஓஓஎம் பூஜ்யமாகவே இருந்து ஓஓஎம்_கில் மட்டும் கூடினால், அந்தக் குழு தன் வரம்பால் சாகவில்லை; மேலே உள்ள குழுவின் வரம்போ சர்வர் முழுவதன் நெருக்கடியோ அதைப் பலி வாங்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பிழை தேடும் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்துவது இதுதான்.

தீர்வாக, மெமரிமேக்ஸை 1.5 ஜிபி என்று உயர்த்தி, அதற்குக் கீழே மெமரிஹை என்பதை 1 ஜிபி என்று வையுங்கள். ‘ஹை’யைத் தாண்டினால் புராசஸ் கொல்லப்படாது; அதன் வேகம் குறைக்கப்பட்டு, மெமரியை விடுவிக்கும் வேலை மும்முரமாக நடக்கும், ‘ஹை’ எண்ணிக்கையும் கூடும். பிடிஎஃப் இரண்டு நிமிடம் தாமதமாக வரும், ஆனால் வந்து சேரும். உங்களுக்கும் முன்கூட்டியே தகவல் கிடைக்கும். மெமரிஹையை மிகவும் தாழ்வாக வைத்தால் சர்வீஸ் உறைந்து நிற்பதுபோல் இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கர்னல் 5.19 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், குழு தொட்ட உச்சப் பயன்பாட்டைக் காட்டும் மெமரி.பீக் கோப்பை ஒரு வாரம் மாலைதோறும் குறித்துக்கொண்டு வரம்பைத் திருத்துங்கள்.

கேள்வி: மெமரி நிகழ்வு நடந்த உடனே தகவல் தரும் புரோகிராம் ஒன்றை புராஜெக்ட்டாக எழுதுகிறேன். பழைய பாடக் குறிப்பில் சிகுரூப்.ஈவென்ட்_கன்ட்ரோல் என்ற கோப்பைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. என் உபுண்டு 22.04-இல் அந்தக் கோப்பே இல்லை.
— பொறியியல் மாணவர், வியாசர்பாடி

பதில்: அந்தக் குறிப்பு சிகுரூப்பின் முதல் பதிப்புக்கு உரியது, தம்பி. அதில் நிகழ்வுத் தகவலைப் பெற ஈவென்ட்எஃப்டி ஒன்றை உருவாக்கி, அதன் எண்ணை அந்தக் கோப்பில் எழுதிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் பதிப்பு 2016-இல் லினக்ஸ் 4.5-உடன் முறையாக வந்தது, உபுண்டு 21.10 முதல் அதுவே இயல்பாக அமைகிறது. இப்போது மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பின் மேலேயே, கோப்பு மாறினால் தகவல் தரும் ஐநோட்டிஃபை கண்காணிப்பை வைத்தால் போதும். எந்த எண் மாறினாலும் கோப்பு திருத்தப்பட்டதாக அறிவிப்பு வரும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: நிகழ்வுகள் அடுத்தடுத்துக் குவியும்போது கர்னல் அறிவிப்புகளை இடைவெளி விட்டே அனுப்புகிறது. ஓர் அறிவிப்பு வந்தால் ஒரு நிகழ்வு என்று எண்ணாமல், ஒவ்வொரு முறையும் கோப்பை முதலிலிருந்து படித்து, முன்பு படித்த எண்ணைக் கழித்துக் கணக்கிடுங்கள்.