மொட்டை மாடிப் பந்தலுக்கு, 3 மீட்டர் இடைவெளியில், ஜி.ஐ. பைப்புக்குப் பதில் ஃபைபர் கிளாஸ் பைப் போடலாமா? வளையாமல் தாங்குமா?

போடலாம். ஆனால் அதே அளவு பைப்பை அப்படியே மாற்றிப் போடுவதாக இருந்தால் வேண்டாம். விற்பவர்கள் காட்டும் தாளில் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் வலிமை, எஃகுக்குக் (ஜி.ஐ. பைப்பும் எஃகுதான்) கிட்டத்தட்ட நிகராக இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் பைப் வளையும்போது அந்த எண்ணுக்குப் பெரும்பாலும் வேலையே வராது.

முதலில் தொய்வு. எஃகின் யங் குணகம், அதாவது ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், சுமார் 200 ஜிகா பாஸ்கல். நீளவாக்கில் இழை ஓடும் கண்ணாடி இழைக் குழாய்க்கு 20 முதல் 40 வரைதான். ஆக, அதே அளவு குழாய் அதே சுமைக்கு ஐந்திலிருந்து பத்து மடங்கு தொங்கும். உடைவது இருக்கட்டும், அதற்கு வெகு முன்பே பார்க்கச் சகிக்காது. சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஈடுகட்டச் சுலபமான வழி அதுதான்.

அப்புறம்தான் வேறு தொல்லை. விட்டம் பெரிதாகிச் சுவர் மெல்லியதாக இருந்தால், வளையும்போது வட்டம் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். நசுங்க நசுங்க விறைப்பு குறையும். ஒரு கட்டத்தில் உறிஞ்சுகுழல் போலச் சட்டென்று மடியும். இதை பிரேசியர் என்ற ஆய்வாளர் 1927-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இழைக் குழாயில் இது இன்னும் மோசம். இழையெல்லாம் நீளவாக்கில் ஓடினால், சுற்றுவாக்கில் சுவரைச் சேர்த்துப் பிடித்திருப்பது, இழைகளை ஒட்டவைக்கும் பிசினான வெறும் ரெசின்தான். அதனால் மூங்கில் பிளப்பது மாதிரி நீளத்துக்குப் பிளந்துவிடும், அல்லது அமுங்கும் பக்கத்தில் இழைகள் மடிந்து நொறுங்கும். எஃகு போல முதலில் நெளிந்து எச்சரிக்கை தராது. சுமை நேர்கோடாக ஏறும், பட்பட்டென்று சத்தம் வரும், உடனே முடிந்துவிடும்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2008-இல் கட்டிய நீல் பாலத்தில் இதற்கு அழகான தீர்வு கண்டார்கள். வளைவாக வார்த்த இழைக் குழாய்களுக்குள் கான்கிரீட்டை நிரப்பிவிட்டார்கள். உள்ளே கான்கிரீட் இருப்பதால் நசுங்க வழியில்லை. குழாயே கம்பியாகவும் சென்டரிங்காகவும் ஆகிவிட்டது.

உங்கள் பந்தலுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். வாங்கும்போது "சுற்றுவாக்கில் இழை இருக்கிறதா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு கடை பாருங்கள். பைப் உட்காரும் இடத்தில் அகலமான பட்டை கொடுங்கள். நடுவில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்காதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.