ஹாம்பர்க்கில் எல்லாரும் சொல்லும் ஷ்பைஷர்ஷ்டாட் என்பது என்ன?

அது ஒரு பெரிய கிடங்குப் பகுதி, 1888-இல் திறந்தது. காரணம் வரிதான்: ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது ஹாம்பர்க் துறைமுகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது, அந்தக் காலத்தில் காப்பி, தேயிலை, மசாலா எல்லாம் சுங்கம் கட்டாமலே இங்கே கிடக்க முடிந்தது, ரயில் நிலைய க்ளோக் ரூமில் பெட்டியைப் போட்டுவைப்பது மாதிரி. இதற்காக சுமார் 20,000 பேரைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றினார்கள், அதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

சிவப்புச் செங்கல் கட்டடங்களுக்கு ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கால்வாய். அண்ணாந்து பார்த்தால் முகட்டில் சரக்கு தூக்கும் கப்பி தெரியும். கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரத்தில் சில கால்வாய்களில் சேறுதான் இருக்கும், படகுச் சவாரிக்கு நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், துறைமுகம் என்றதும் கடற்கரை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஹாம்பர்க் இருப்பது எல்பே ஆற்றின் மேல், கடல் வர ஆற்றோடு 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.