பழைய எஞ்சினா, புதியதா: முதல் ட்ரக் எடுக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, ஒன்ராறியோவில் பார ட்ரக் ஓட்டும் ஏஸட் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் கொம்பனி ட்ரக் ஓட்டியாயிற்று, இனிச் சொந்தமாக ஒன்று எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வின்னிபெக் பக்கமும் இடைக்கிடை அமெரிக்காவும் ஓடுகிறீர்கள். சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய 1999 ஃப்ரெயிட்லைனரை, டிட்ராய்ட் சீரீஸ் 60 எஞ்சினோடு, தருகிறேன் என்கிறார். டீலரிடம் ஒரு 2018 ஃப்ரெயிட்லைனர் கஸ்கேடியா, டிட்ராய்டின் புதிய டிடி15 எஞ்சினோடு, மாதத் தவணைக்கு நிற்கிறது. இடையில் 2009 ட்ரக் ஒன்றையும் மலிவாகக் கண்டிருக்கிறீர்கள். "பழைய எஞ்சின்தான் நம்பிக்கை என்று பிரம்டனில் எல்லாரும் சொல்கிறார்கள், உண்மையா அண்ணா?" என்பது உங்கள் கேள்வி.

பாதி உண்மை. ஆனால் அந்த 2009ஐ இப்போதே மறந்துவிடுங்கள். காரணம் பிறகு வருகிறது.

பழைய எஞ்சினுக்குப் பெயர் சும்மா வரவில்லை. சீரீஸ் 60, கம்மின்ஸ் என்14, கட்டர்பில்லர் 3406இ, இவையெல்லாம் கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்தவை மாதிரி. எஞ்சினை ட்ரக்கிலிருந்து இறக்காமலே ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன், லைனர், பெயாரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிடலாம். இன்ஃபிரேம் என்பார்கள். இப்போதைய விலையில் 25,000 டொலருக்கு மேலே போகும்தான், ஆனால் முடிந்ததும் இன்னொரு பத்து லட்சம் கிலோமீற்றரை எதிர்பார்க்கலாம். பழுது வந்தாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். புகை நிறம் மாறும், எண்ணெய் குறையும், சத்தம் மாறும். மெதுவாக உருட்டிக்கொண்டாவது வீடு வந்துவிடலாம்.

"அதில் கொம்பியூட்டர் இல்லை, அதனால்தான் பழுதில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீரீஸ் 60 1987இல் வந்த நாளிலிருந்தே முழுக்க எலெக்ட்ரோனிக் கட்டுப்பாடுதான். அதில் இல்லாதது, பின்னால் வந்த எஞ்சின்களில் புகைக்குழாயோடு தொங்கும் சாமான்கள். இன்னொன்று, 1999இல் ஓடிய எஞ்சின்களில் இன்றைக்கும் ஓடுபவை நல்லவை மட்டுமே. மற்றவை எப்போதோ இரும்புக்குப் போய்விட்டன. யார்டில் நிற்கும் நாலு நல்ல எஞ்சினைக் காட்டி அந்தக் காலமே பொற்காலம் என்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அந்தக் காலத்து எஞ்சின் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் தந்ததற்கும் ஒரு பின்கதை உண்டு. பரிசோதனையில் சுத்தமாக ஓடி, ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேறு மாதிரி ஓடும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். நைட்ரஜன் ஒக்சைட் என்ற நச்சுப் புகை அதனால் பல மடங்கு வெளியேறியது. 1998இல் அமெரிக்க அரசு கட்டர்பில்லர், கம்மின்ஸ், டிட்ராய்ட், மக், நாவிஸ்டார், ரெனோ, வொல்வோ ஆகிய ஏழு கொம்பனிகளையும் பிடித்தது. 2004க்கு இருந்த புதிய கட்டுப்பாட்டை 2002 ஒக்டோபருக்கே பெரும்பாலானவர்கள் கொண்டுவர வேண்டும் என்பது உடன்பாட்டில் ஒரு பகுதி. அவசரம் அங்கேதான் தொடங்கியது.

அவசரத்தில் வந்தது இஜிஆர். எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே விடுவது. 2007இல் அதன் மேல் டிபிஎஃப் வந்தது, கரியைப் பிடிக்கும் வடி. நைட்ரஜன் ஒக்சைட்டைக் குறைக்க அப்போது இஜிஆர் ஒன்றுதான் வழி, எனவே புகையை நிறையத் திருப்பி விட்டார்கள். விட விடக் கரி கூடியது, கூடிய கரி டிபிஎஃப்பை அடைத்தது. அந்தப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரில் வெடிப்பு விழுந்து, கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், குறைந்துகொண்டே போகும். உங்கள் 2009 இந்த வயதுக் குழுதான். கட்டர்பில்லரே இந்தச் சிக்கலுக்குள் மேலும் இறங்க விரும்பாமல் 2010க்கு மேல் ரோட்டு ட்ரக்குக்கு எஞ்சின் தருவதில்லை என்று 2008இல் அறிவித்தது. நாவிஸ்டார் 2010க்குப் பிறகும் இஜிஆரை மட்டும் நம்பி மக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சினை விற்று, 2012இல் கைவிட்டு, கடைசியில் வாங்கியவர்களின் கூட்டு வழக்கை 135 மில்லியன் டொலருக்குத் தீர்த்தது. 2011 - 2013 மக்ஸ்ஃபோர்ஸ் ட்ரக் யாராவது மலிவாகத் தந்தால், சும்மா தந்தாலும் யோசியுங்கள்.

2010இல் டெஃப் வந்தது. புகைக்குழாயில் தெளிக்கும், 32.5 சதவீத யூரியா கலந்த தண்ணீர். நைட்ரஜன் ஒக்சைட் வேலையை அது பார்த்துக்கொள்வதால் இஜிஆரைக் குறைத்து, எஞ்சினை அதன் போக்கில் எரிய விட முடிந்தது. அதனால் இன்றைய டிடி15, கம்மின்ஸ் எக்ஸ்15 ஆகியவற்றின் உள்ளிரும்பு பழையதற்குக் குறைந்ததல்ல, மேலானது என்றே நான் சொல்வேன். குறை வெளியேதான். நைட்ரஜன் ஒக்சைட்டை அளக்கும் ஒரு நொக்ஸ் சென்சர் கெட்டால் எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் கொம்பியூட்டர் முதலில் வலுவைக் குறைக்கும், திருத்தாமல் ஓடினால் மணிக்கு 8 கிலோமீற்றரில் கொண்டுவந்து விடும். வட ஒன்ராறியோவில் ஹெர்ஸ்ட் தாண்டி நெடுஞ்சாலை 11இல் மார்கழி இரவில் 8 கிலோமீற்றர் வேகம் என்றால் யோசித்துப் பாருங்கள். பழைய எஞ்சின் உங்களை இப்படி நடுவழியில் விடாது. பிரம்டன்காரர் சொல்வதில் உண்மையான பாதி இதுதான்.

டெஃப் -11 டிகிரியில் உறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், எஞ்சின் சூடானதும் கூலண்ட் தண்ணீர் தாங்கியை இளக்கிவிடும்.

டிபிஎஃப் உங்களைப் படுத்துமா என்பது நீங்கள் ஓடும் ஓட்டத்தைப் பொறுத்தது. பாரத்தோடு நெடுந்தூரம் போனால் புகை தானாகவே சூடாகிக் கரி எரிந்துவிடும். பிரம்டன் ரெயில் யார்டில் கொன்டெய்னர் தூக்கி, அரை நாள் வரிசையில் எஞ்சினை ஓடவிட்டு நின்று, பத்துக் கிலோமீற்றர் போய் இறக்கும் வேலையில் அது சூடாகவே மாட்டாது. விளக்கு எரியும், ஓரமாக நிறுத்தி ரீஜென் போட வேண்டும், அதாவது பிடித்த கரியை எரிக்க வேண்டும். எஞ்சின் தானே இரைந்து, புகைக்குழாயில் 600 டிகிரியளவு சூடேறி, அரை மணி முக்கால் மணி நேரம் நீங்கள் காய்ந்த புல்லிலிருந்தும் பிளாஸ்ரிக்கிலிருந்தும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொன்டெய்னர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அந்த 1999ஐ எடுங்கள் என்றுகூடச் சொல்வேன். வின்னிபெக் ஓட்டத்துக்கு இல்லை.

டீசல் கணக்கையும் பாருங்கள். பழையது 100 கிலோமீற்றருக்கு 40 லீற்றர் குடித்தால், 2018 கஸ்கேடியா 32க்குள் ஓடும். வருடம் 150,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 12,000 லீற்றர். லீற்றர் 1.50 என்று வைத்தால் 18,000 டொலர், அதாவது மாதம் 1,500. தவணையில் நல்ல பங்கு அங்கேயே வந்துவிடுகிறது.

சரி, சட்டம். 2010க்கு முந்திய எஞ்சினோடு கலிஃபோர்னியாவுக்குள் போக முடியாது, 2023 ஜனவரியிலிருந்து தடை. அங்கே சலீனாஸிலிருந்து வரும் மரக்கறி லோட் எல்லாம் கனவு. 2000க்கு முந்தியதற்கு, ஓட்டும் மணித்தியாலத்தைத் தானே பதியும் எலெக்ட்ரோனிக் லொக் தேவையில்லை என்பதுதான் பலர் அதைத் தேடுவதற்கு ரகசியக் காரணம், ஆனால் மணித்தியாலக் கட்டுப்பாடு காகித லொக்கிலும் அதேதான். பல கொம்பனிகள் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ட்ரக்கைச் சேர்ப்பதும் இல்லை. சேரப்போகும் கொம்பனியிடம் இதை முதலில் கேளுங்கள். டிபிஎஃப்பை வெட்டி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று யார்டில் ஆக்கள் வருவார்கள். இரண்டு நாட்டிலும் சட்டவிரோதம், ஒன்ராறியோவின் புகைப் பரிசோதனையிலும் மாட்டும், விற்கவும் முடியாது.

பார்க்கப் போகும்போது சொந்தக்காரரின் சீரீஸ் 60ஐ முதலே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிரில் எப்படிப் பிடிக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையம் போய்விட்டது, இன்ஃபிரேம் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கஸ்கேடியாவில் கிலோமீற்றரைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின் கொம்பியூட்டரின் இசிஎம் ரிப்போர்ட் கேளுங்கள். அதில் நின்றபடி எஞ்சின் ஓடிய ஐடில் மணித்தியாலம் எவ்வளவு, ரீஜென் எத்தனை நாளுக்கு ஒருமுறை போயிருக்கிறது என்று இருக்கும். டிபிஎஃப் கழற்றிச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டெஃப் இன்ஜெக்டர் பூட்டியிருக்கும் இடத்தில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் உங்கள் ஓட்டத்துக்கு இந்த 2018தான், ஆனால் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் மட்டும். திடீர்ப் பழுதுக்கென்று கையில் ஒரு 15,000 டொலராவது ஒதுக்கிவிட்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள். ரிப்போர்ட் தரமாட்டேன் என்று டீலர் இழுத்தால் முற்பணம் கொடுக்காமல் அடுத்த இடம் பாருங்கள், மிசிசாகாவில் டீலருக்குப் பஞ்சமில்லை.