மொட்டை மாடி நடை போதாதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 62 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நடக்கச் சொன்னார்களே என்று மொட்டை மாடியில் நடக்கிறேன். பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. பார்க், பீச் என்று போனால்தான் பலனா? 9 வயதுப் பேரனுக்கு இப்போதே கண்ணாடி போட்டாகிவிட்டது. அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, எங்கே நடந்தாலும் கால் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். இடிப்பது அந்தப் பத்து நிமிடம்தான். லேசாக மூச்சு வாங்கும்படி வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணக்கு அதில் பாதிகூட வரவில்லை.

மாடியில் எத்தனை சுற்று வந்தாலும் அதே தண்ணீர்த் தொட்டி, அதே துணிக்கொடி. அலுக்காமல் என்ன செய்யும்? பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைச் சுற்றி ஒரு வாரம் நடந்து பாருங்கள். நிழல் இருக்கும், பார்க்க மனிதர்கள் இருப்பார்கள். பத்து நாள் போய்விட்டு இரண்டு நாள் நின்றால், "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேட்க ஒருவர் வந்திருப்பார். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு தெம்பு தரும் என்பதை என் நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன். கடற்கரைச் சாலையும் நல்லதுதான். மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டி விடுவதில்லை. புகையும் ஹாரனும் இல்லாமல் நடக்கலாம்.

ஆனால் பேரனுக்கு 6 மணி பீச் உதவாது. அவன் கண்ணுக்கு வேண்டியது பகல் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் மர நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கண் உருண்டை நீளமாவதால்தான் பெரும்பாலும் கிட்டப்பார்வை வருகிறது, அதை இது மட்டுப்படுத்துகிறது. தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. போட்ட கண்ணாடி கழன்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பவர் ஏறும் வேகம் சற்றுக் குறையலாம். வீட்டில் கண்ணாடி போடாத சின்னப் பிள்ளை இருந்தால் அதற்குத்தான் இதில் லாபம் அதிகம். பள்ளி விட்டதும் வெயில் தணிந்த நேரத்தில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் சில எச்சரிக்கைகள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து வாயில் போடுங்கள். பேரன் மணலில் இறங்கினாலும் நீங்கள் செருப்பைக் கழற்ற வேண்டாம். சர்க்கரை உள்ளவர் காலில் சிப்பி கிழித்தால் வலிகூடத் தெரியாமல் போகும். இரவு படுக்குமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால் நின்றுவிடுங்கள். அழுத்தம் விடவில்லை என்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விட்டுவிட்டாலும் அன்றைக்கே இசிஜி எடுத்தாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, அந்த மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை எடுத்து, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.