ராப் பாட்டு இன முத்திரையை உடைக்குமா? கிள்ளானிலிருந்து ஒரு பதில்

"ராப் இசையால் இனத்தின் மேல் குத்தப்படும் முத்திரையை மாற்றி மக்களை ஒன்று சேர்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ராப் பிறந்த அமெரிக்காவின் கதையை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் மலேசியாக்காரன், என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முடியும்.

இங்கே இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். இந்தியப் பையன் என்றாலே குண்டர் கும்பல், குடி, அடிதடி என்றுதான் முத்திரை. நான் படித்த இடைநிலைப்பள்ளியில் எது காணாமல் போனாலும் கட்டொழுங்கு ஆசிரியர் முதலில் எங்கள் பையைத்தான் கொட்டச் சொல்வார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2006-இல் மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் வெளிவந்தது. அதில், 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன் மேல் ராப் பாடியிருந்தார்கள். எங்கள் பள்ளியில் மலாய்ப் பையன்களின் கைப்பேசியிலும் அது ஓடியது.

அடுத்து வந்த ஆசிரியர் தினத்துக்கு நான், ஒரு மலாய் நண்பன், ஒரு சீன நண்பன் மூவரும் ராப் பாடுவதாக முடிவாயிற்று. ஆளுக்கு அவரவர் மொழி என்றுதான் பேச்சு. மலாய் நண்பன் விடவில்லை, தனக்கும் தமிழ் வரி வேண்டும் என்று அடம்பிடித்தான். நானே எழுதி, மலாய் எழுதும் ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், அவனுக்குக் கொடுத்தேன். 'ழ' வராமல் திண்டாடினான். எதுகை விழும் இடத்தில் நான் மேசையைத் தட்டுவேன், அதற்குள் அவன் சொல்லை முடிக்க வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பல வருடம் ஒன்றாகப் படித்தும் எங்கள் வீட்டுப் பக்கம் வராதவன், ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு தினமும் வர ஆரம்பித்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். "நாம் எல்லாரும் ஒன்று" என்று பாடினால் யாரும் மாறுவதில்லை. அந்தப் பாட்டு தேசிய தினத்துக்குத் தேசிய தினம் ஒலிக்கிறது. யாரை ரவுடி என்று நினைத்தார்களோ அவனிடமே போய் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டிவரும்போதுதான் பார்வை மாறுகிறது. பொயடிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழு 1998-லேயே ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் சீனம் நான்கையும் ஒரே ஆல்பத்தில் கொண்டுவந்துவிட்டது. ஒருவர் மொழி ஒருவர் காதில் விழ அதுவும் ஒரு வழி.

ராப் என்றால் கெட்ட வார்த்தைதானே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: கெட்ட வார்த்தை எல்லா இசையிலும் உண்டு. ஒரு பாட்டால் நாடே திருந்திவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்குப் போன் போட்டால் இன்றும் முதல் கேள்வி "நீங்கள் என்ன இனம்?" என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கலைவிழா நடத்தும் நம்மவர்கள் சென்னையிலிருந்து நட்சத்திரங்களை விமானத்தில் வரவழைத்து, ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கவைக்கிறார்கள். உள்ளூர் ராப் பையன்களிடம் மட்டும் "மேடை கொடுக்கிறோமே, அது போதாதா?" என்று கேட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பையன்களுக்குப் பணம் கொடுங்கள் ஐயா. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் சொந்தக் காசைத்தான் கட்டுகிறார்கள்.