கிராப்பி ஜிக் கட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கிராப்பி என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். ஜிக் என்பது தூண்டில் முள்ளில் உலோகத் தலை வார்த்து, இறகு கட்டிய போலி இரை.

கே: சார், இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். எந்த எடை, எந்த முள் வாங்கட்டும்?

ப: 1/32 அவுன்ஸ் (0.9 கிராம்) தலை, 6ஆம் எண் முள். எண் ஏற ஏற முள் சிறிதாகும். மெல்லிய கம்பியில் செய்த, ‘அபர்டீன்’ என்ற முள் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, தடித்த முள் கிழித்துவிடும். மூழ்கிய கிளையில் மாட்டினாலும் நிதானமாக இழுத்தால் மெல்லிய முள் நிமிர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் வாலைப் பிடிக்கக் கழுத்தில் கொம்பு வைத்த தலை வேண்டாம். நூல் அதில் சிக்கும்.

கே: நாலு மீன் கடித்ததும் மராபூ (மென்மையான பஞ்சு இறகு) வால் முள்ளைச் சுற்றி உருள்கிறது. பசை ஊற்றியும் நிற்கவில்லை, அண்ணா.

ப: பசையால் இது தீராது. முள்ளின் வழவழப்பான தண்டில் நேராக இறகைக் கட்டியிருப்பீர்கள். 140 டெனியர் (நூலின் தடிமன் அளவு) நூலைக் கழுத்திலிருந்து முள் வளையத் தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றி, பிறகுதான் இறகை வையுங்கள். விரலை நனைத்து இறகைச் சேர்த்துப் பிடித்து அளவு பாருங்கள்: வால், தண்டைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போனால் மீன் நுனியை மட்டும் கவ்விவிட்டுப் போகும்.

முதல் இரண்டு சுற்றும் தளர்வாக, மூன்றாவதை நேர் மேலே இழுத்து இறுக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் நூல் போகும் பக்கம் இறகும் உருண்டுவிடும். இறகின் மீந்த அடித்தண்டை அங்கேயே வெட்டாமல் கழுத்து வரை படுக்க வைத்துச் சுற்றுங்கள். பிடிமானமும் கூடும், உடம்பும் மேடுபள்ளமில்லாமல் வரும். உடம்புக்குச் சுற்றும் பஞ்சுக் கயிறான செனிலைக் கட்டுமுன் அதன் நுனியில் 3 மி.மீ. அளவுக்குப் பஞ்சை நகத்தால் உருவி, உள்நூலை மட்டும் கட்டுங்கள். இல்லையென்றால் வாலடியில் புடைக்கும். கழுத்தில் விப் ஃபினிஷ் (நூலின் நுனியை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே இழுத்து முடிக்கும் முடிச்சு) இரண்டு தடவை. பசை ஒரு சொட்டு, அதுவும் கடைசியில்.

கே: பவுடர் பெயின்ட் (சூட்டில் உருகி ஒட்டும் தூள் வண்ணம்) சில தலையில் சர்க்கரை தூவினாற்போல் நிற்கிறது, சிலதில் கொப்புளிக்கிறது.

ப: முதலாவது சூடு போதாமல், இரண்டாவது சூடு மிஞ்சி. தலையைச் சுடரில் சில நொடி காட்டி, பவுடரில் முக்கி, உடனே எடுங்கள். தூண்டில் நூல் கட்டும் கண்ணை (முள்ளின் வளையத்தை) அடைத்த பெயின்டை அப்போதே ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, தொங்கவிட்டு 177 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள். இப்படிச் சுடாத பெயின்ட்தான் பாறையில் பட்டதும் உரியும். இறகு கட்டுவது இதற்குப் பிறகு. சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனை இதற்குத் தொடவே வேண்டாம்.

கே: நிறம்?

ப: தெளிந்த நீரில் வெள்ளை, சாம்பல். கலங்கலில் கறுப்பும் சார்ட்ரூஸும் (பளிச்சென்ற மஞ்சள் பச்சை). இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கே: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஈய ஜிக் போடலாமா?

ப: கூடாது. ஒரு அவுன்சும் அதற்குக் குறைந்ததும் அங்கே தடை. லூன் பறவைகள் விழுங்கிச் சாகின்றன. வெள்ளீயத்தில் வாருங்கள். அதே அச்சில் எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே வரும், ஒரு அளவு பெரிய அச்சாக எடுங்கள்.

கே: தண்ணீரில் ஜிக் செங்குத்தாகத் தொங்குகிறதே?

ப: முடிச்சு கண்ணின் முன்பக்கம் நழுவியிருக்கிறது. இறுகாமல் வளையமாக நிற்கும் லூப் முடிச்சு போட்டாலும் இப்படித் தொங்கலாம். இறுகும் முடிச்சாகப் போட்டு, கண்ணின் உச்சிக்குத் தள்ளினால் படுத்த வாக்கில் நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் சரிசெய்யுங்கள்.